சாவு வீட்டுக்கு ஆஃபர் டிக்கெட்

போன் அலறியது.

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு ஓரம் காப்பியை ஆற்றிக் கொண்டிருந்த வீரையன் திடுக்கிட்டான். பாதிக் காப்பி சட்டையில்!

சிங்கப்பூர் நம்பர்.

"சொல்லுங்கண்ணே..."

"புதன்கிழமைடா! ஞாபகம் இருக்கில்ல?" மறுமுனையில் செல்லதுரை கிசுகிசுத்தான்.

"அண்ணே, உங்க சித்தியை நாளைக்கே முடிச்சிடறேண்ணே. நாளைக்கு வயக்காட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது..."

"அட மடையா! நாளைக்கு முடிச்சா நான் எப்படிடா வர்றது? என் டிக்கெட் புதன்கிழமைக்குடா!"

"மாத்திக்குங்களேன்."

"ஆஃபர் டிக்கெட்டுடா! தேதி மாத்த முடியாது. கேன்சல் பண்ணா ஒத்தப் பைசா திரும்ப வராது!"

வீரையன் தலையைச் சொறிந்தான். இதுவரை அடிதடி பார்த்திருக்கிறான். வரப்பு வெட்டும் தகராறில் மண்டையை உடைத்திருக்கிறான். கொலை இதுதான் முதல் தடவை. முதல் தடவையே தேதி கொடுத்துவிட்டார்கள்!

"சாவுச் சேதி வந்தப்புறம் டிக்கெட் போடுறான் பாரு, அவன் முட்டாள்." செல்லதுரை பாடம் எடுக்க ஆரம்பித்தான். "அவசரம்னு தெரிஞ்சா ஏர்லைன்ஸ்காரன் நாலு மடங்கு புடுங்குவான். மூணு மாசம் முன்னாடியே ஆஃபர் திறப்பான். அப்பவே போட்டுடணும். லக்கேஜ் வேணாம், சாப்பாடு வேணாம், ஜன்னல் சீட்டு வேணாம்னு எல்லாத்துக்கும் வேணாம் போட்டுக்கிட்டே போனா... பாதி விலை!"

"அதாவது... முதல்ல டிக்கெட்டு. அப்புறம் சாவு."

"அதுக்குப் பேருதான்டா பிளானிங்!"

"எனக்கு ஒரு டிக்கெட்டும் சிங்கப்பூர்ல வேலையும் தர்றேன்னீங்களே?"

"அடுத்த ஆஃபர் வரட்டும்."

போன் செத்தது.

வீரையன் அண்ணாந்து பார்த்தான். திருச்சிப் பக்கம் போகும் விமானம் ஒன்று, வெள்ளைக் கோடு போட்டபடி... ஒரே ஒரு தடவை அதில் ஏறிவிட வேண்டும். அதற்காக எதுவும் செய்வான்.

தங்கம்மாள் சாக வேண்டும். அவ்வளவுதானே!

*

தங்கம்மாளுக்கு வயது அறுபது. திருப்பனந்தாள் பக்கம் மணல்குடியில் ஆறு ஏக்கர் நஞ்சை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. டி.வி.எஸ். ஃபிஃப்டியில் சேலையைச் செருகிக் கொண்டு பறப்பாள். ஒரு தடவை வார்டு மெம்பராக நின்று ஜெயித்தவள்.

வயலை ஒட்டி பைபாஸ் ரோடு வரப் போகிறது. புருஷனின் அண்ணன் மகன் செல்லதுரை அதைப் பிளாட் போட்டு விற்கத் துடித்தான். சித்தி தலையாட்டவில்லை.

"முப்பது வருஷமா அந்த மண்ணுல முருகையன் குடும்பம்தான் குத்தகைக்கு உழுவுது. அறுப்பு முடிஞ்சதும் அவன் பேருக்கே எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

எழுதுவதற்குள் அவள் செத்தால் நிலம் செல்லதுரைக்கு. எழுதிவிட்டால் அவனுக்குப் பட்டை நாமம்!

*

புதன்கிழமை. விடியற்காலை.

மோட்டார் கொட்டகையின் இரும்புக் கதவில் வீரையன் ஒயரை மாட்டினான். தினமும் அவள் வந்து கதவைத் திறந்து மோட்டார் போடுவாள். இன்று தொட்டதும்... சட்டென்று முடிந்துவிடும்! அப்புறம் ஒயரைக் கழற்றிவிட்டால் விபத்து.

வாழைக்கொல்லைக்குள் பதுங்கினான்.

தடதடவென்று டி.வி.எஸ். வந்தது. நின்றது.

தங்கம்மாள் இறங்கினாள். கொட்டகையை நோக்கி நடந்தாள்.

பத்தடி... ஐந்தடி...

கதவைப் பிடித்தாள்!

வீரையன் கண்ணை இறுக மூடிக் கொண்டான்.

கிரீச்...

கண்ணைத் திறந்தான். கதவும் திறந்திருந்தது. தங்கம்மாள் உள்ளே போய் ஒரு மண்வெட்டியை எடுத்துக் கொண்டு, வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, வண்டியில் ஏறிப் போயே போய்விட்டாள்!

'சே! கரண்டு கட்டு!'

மின்சார வாரியத்தை மனதுக்குள் திட்டித் தீர்த்தான். ஒரு மனுஷன் நிம்மதியாகக் கொலை கூடப் பண்ண முடியவில்லை!

*

வீட்டில் வைத்து முடித்துவிடலாம் என்று பின்னாலேயே போனவன் தெருமுனையில் உறைந்து நின்றான்.

வாசலில் பந்தல்! நாற்காலிகள்! அண்டா அண்டாவாகச் சமையல்! ஊரே அங்கேதான் நின்றது.

"யாருப்பா நீ? சமையலுக்கு வந்த ஆளா?" தங்கம்மாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"அ... ஆமாங்க."

"லேட்டா வந்துட்டு முழிக்கிறதைப் பாரு. உக்காரு. வெங்காயம் உரி!"

ஒரு மூட்டைச் சின்ன வெங்காயம் எதிரே வந்து விழுந்தது. அரசாங்கம் கொடுத்த இலவச மின்விசிறி ஒன்று தோலை அவன் முகத்துக்கே ஊதியது.

பக்கத்தில் பச்சைச் சேலைப் பெண் ஒருத்தி தேங்காய் துருவிக் கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு அண்ணே?"

"கும்பகோணம்."

"யாரு சொல்லி வந்தீங்க?"

"தெரிஞ்சவங்க. ஏம்மா, என்ன விசேஷம் இங்க?"

"தெரியாதா? தங்கம்மா அத்தையோட சிங்கப்பூர்ப் பிள்ளை வருது! பொங்கலுக்கு வரமுடியாது, டிக்கெட் ஆனை விலைன்னு போன்ல சொல்லிட்டு, ரகசியமா டிக்கெட் போட்டிருக்கு. அத்தைக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. நாம அவனை அசத்திடுவோம்னு ஊரையே கூட்டிட்டாங்க."

வீரையன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம்தான்... பாதி.

'ஐயோ! அவன் இவளைச் சாகடிக்க வர்றான். இவ அவனுக்குப் பாயசம் காய்ச்சுறா!'

சட்டைப்பை அதிர்ந்தது. கொல்லைப்புறம் ஓடிக் காதில் வைத்தான். செல்லதுரை வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"டேய்! சித்தி கரண்டுல முடிஞ்சாச்சா? ஏர்போர்ட்ல நிக்கிறேன். முடியலேன்னா சொல்லு... வேண்டாம், சொல்லாதே! டிக்கெட்டு வீணாப் போயிடும்!"

வீரையன் யோசித்தான். இல்லை என்று சொன்னால் தன்னுடைய சிங்கப்பூர்க் கனவும் பறந்துவிடும். சாயங்காலத்துக்குள் எப்படியும் முடித்துவிடலாம்.

"முடிஞ்சுது" என்று தட்டினான்.

*

மத்தியானம். கிணற்றடியில் தங்கம்மாள் தனியாக, முதுகைக் காட்டிக் கொண்டு...

சுற்றிலும் யாரும் இல்லை!

பூனை போல் நெருங்கினான். ஒரு தள்ளு போதும். கையை நீட்டினான்...

"வந்துட்டியா?" அவள் திரும்பவில்லை. "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலையே உனக்கு. இந்தா, முதல்ல சாப்பிடு."

வாழை இலையில் சோறு. கத்தரிக்காய்க் கொத்சு. இரண்டு அப்பளம்.

நீட்டிய கை இலையை வாங்கிக் கொண்டது.

முதல் கவளத்தை வாயில் வைத்தான். அவனைச் சாப்பிடச் சொல்லி யாராவது கூப்பிட்டு எத்தனை காலம்! நாலாவது கவளத்தில் தீர்மானித்துவிட்டான். விமானமாவது, மண்ணாங்கட்டியாவது!

"ஆயா..." என்றான். "நீங்க இன்னிக்குத் தனியா எங்கயும் நிக்காதீங்க."

"நான் எங்கடா தனியா நின்னேன்?"

தங்கம்மாள் கண்ணைக் காட்டினாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் பச்சைச் சேலை! தேங்காய் இன்னும் கையில் இருந்தது. முருகையன் மண்வெட்டியோடு வேலியோரம் நின்றிருந்தார்.

வீரையன் இலையை மெல்லக் கீழே வைத்தான்.

*

விளக்கு வைக்கிற நேரம். டாக்ஸி வந்து நின்றது.

பந்தலைப் பார்த்ததுமே செல்லதுரையின் அழுகை உச்சத்துக்கு ஏறியது. துண்டால் முகத்தை மூடிக் கொண்டு, மார்பில் அடித்தபடி ஓடி வந்தான்.

"சித்தீ! என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே! பாழாப்போன கரண்டு உன் உசுரைக் குடிச்சிடுச்சே!"

கால் தடுக்கி விழுந்தான். எதிரே இரண்டு கால்கள். உயிருள்ள கால்கள்!

மெல்லத் தலையை உயர்த்தினான்.

கையில் பாயசக் கரண்டியோடு தங்கம்மாள்.

"வாடா செல்லதுரை. யாரு செத்தது?"

"சி... சித்தி!"

பச்சைச் சேலை முன்னால் வந்தது. "சப்-இன்ஸ்பெக்டர் நீலாம்பாள். சித்தி செத்துட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னா? அதுவும் கரண்டுலன்னு?"

செல்லதுரை வீரையனைப் பார்த்தான். வீரையன் தன் போனை நீலாம்பாள் கையில் வைத்தான்.

"இவரு குரல்லயே எல்லாம் இருக்கும்மா. நான் ஒண்ணையும் அழிக்கலை."

"துரோகி!"

"வெங்காயம் உரிச்சவனுக்குத்தாண்ணே தெரியும் கஷ்டம்."

தங்கம்மாள் சுருக்குப் பையிலிருந்து எதையோ எடுத்து நாற்காலி மேல் வைத்தாள்.

ஃப்யூஸ் கட்டை!

வீரையன் வாயைப் பிளந்தான். "அப்ப... கரண்டு கட்டு இல்லையா?"

"மூணு நாளா என் மோட்டார் கொட்டகையைச் சுத்திச் சுத்தி வர்றே. கண்ணு தெரியாதவளாடா நான்? நேத்தே புடுங்கிட்டு, ஸ்டேஷன்லயும் சொல்லிட்டு வந்துட்டேன்."

"எப்படி... எப்படி சித்தி தெரியும்?" செல்லதுரை முனகினான்.

"டிக்கெட் போடுறப்போ ஊர்ல ஒரு போன் நம்பர் கேட்டானாமே? உனக்கு மனப்பாடமா தெரிஞ்சது என் நம்பர் ஒண்ணுதான். அதைக் குடுத்துட்டே. மெசேஜ் எனக்கு வந்திடுச்சு. முருகையன் மக படிச்சுச் சொன்னா."

"வர்றேன்னுதானே வந்திருக்கும்?"

"திரும்பிப் போற தேதியும் வந்துச்சுடா!" தங்கம்மாள் கரண்டியை ஆட்டினாள். "உன் கல்யாணத்துக்கே லீவு இல்லேன்னு ஒன்பது நாள் தங்கினவன் நீ. இப்ப மட்டும் பதினேழாம் நாள் திரும்புறே! ஏன்டா? பதினாறாம் நாள் கருமாதி முடிச்சிட்டுப் போகத்தானே? இந்த வீட்டுல சாக நான் ஒருத்திதான் இருக்கேன். எனக்கே கணக்கு விளங்காதா?"



தங்கம்மாளின் குரல் லேசாக உடைந்தது. "அப்பவும் நம்பலைடா. ஆசையா வர்றவன் ஆசையா இறங்குவான்னு கடைசி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே நின்னேன். பாயசம் நிஜமாவே உனக்குத்தான் வச்சேன்."

கண்ணைத் துடைத்துக் கொண்டு திரும்பினாள்.

"முருகையா, பாயசத்தை ஊருக்கு ஊத்து. காலையில ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கிளம்பணும்."

*

போலீஸ் ஜீப் ஆற்றுப் பாலத்தில் குலுங்கியது.

பின்சீட்டில் செல்லதுரை தலையில் கை வைத்திருந்தான். "ரிட்டர்ன் டிக்கெட்டு... கேன்சல் பண்ணாக்கூட பைசா வராதே!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரையன் தொண்டையைச் செருமினான். "வீணாத்தானே போகுது... அதுல நான் வேணா போயிட்டு வரட்டுமாண்ணே?"

முன்சீட்டில் நீலாம்பாள் திரும்பினாள்.

"ரெண்டு பேரும் கவலைப்படாதீங்க. இப்ப போற இடத்துக்கு டிக்கெட்டே கிடையாது. தங்கறது ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, ஜன்னல் பக்கம்கூட ஃப்ரீ... ரிட்டர்ன் தேதியை மட்டும் ஜட்ஜ் போடுவாரு!"