கவிழ்ந்த கப்பலின் கதவு

லாங்விகாவில் பேருந்திலிருந்து இறங்கியபோது நண்பகல்தான். ஆனால் துருவத்தை ஒட்டிய எங்கள் பக்கம் நவம்பர் கடைசியில் நண்பகல் என்று ஒன்று கிடையாது. தெற்கு மலைகளுக்குப் பின்னால் சிறிது நேரம் ஒரு மங்கல் நீலம் தெரியும், பிறகு அதுவும் அணைந்துவிடும். படகுத்துறையிலிருந்து பிர்ச் மரப் புகையும் தாரும் காய்ந்த மீனும் கலந்த வாடை வந்தது. அக்கா ஊருக்கு வந்துவிட்டோம் என்பதற்கு எனக்கு அந்த வாடையே போதும்.

அக்காவின் கணவர் டோர்கில் கைவிளக்குடன் நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

"வாங்க, மின்சார அம்மா! ஊருக்கே வெளிச்சம் போட வந்துட்டீங்களா?"

"மாலை வகுப்புல சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, அத்தான். இப்போதைக்கு ஃபியூஸ் மாத்தத்தான் தெரியும்."

"அது போதும். என் நீராவி அறைக்கு ஒரே ஒரு பல்புதான்."

அந்த நீராவி அறையைத் திறந்து வைக்கத்தான் என்னை அழைத்திருந்தார்கள். குளிர்கால வானில் ஆடும் வடதிசை ஒளியைப் பார்க்க வருகிறவர்களை நம்பி, சேமிப்பையெல்லாம் போட்டு, படகுத்துறையின் நுனியில் டோர்கில் அதைக் கட்டியிருந்தார். சுவர்கள் மரம். உள்ளே விறகு அடுப்பு, இரண்டு அடுக்குப் பலகை, உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். கதவு மட்டும் இரும்பு.

அது கப்பலின் கதவு.

லாங்விகாவில் 'கப்பல்' என்றால் ஒன்றுதான். உலகப் போரின் போது எங்கள் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் எங்கள் விரிகுடாவில் ஒளித்து வைத்திருந்த போர்க்கப்பல். குண்டு விழுந்து தலைகீழாகக் கவிழ்ந்தது. போர் முடிந்து அதை உடைத்தபோது ஊரார் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஒரு வீட்டில் அதன் மேசை இருக்கும், இன்னொரு வீட்டில் அதன் கரண்டி. மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாக அதன் தகடு கிடக்கும்.

இந்தக் கதவு சாம்பல் நிறம், கையகலத் தடிமன். விளிம்பைச் சுற்றி நீண்ட இரும்புக் கைப்பிடிகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கீழே அழுத்தித் திருகினால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாதாம். வெளிப்பக்கம் மட்டும்தான் கைப்பிடிகள். உள்பக்கத்தில் அவை இருந்த இடங்கள் மழமழவென்று அறுபட்டிருந்தன. அறுத்தது யார், எப்போது என்று டோர்கிலுக்கும் தெரியவில்லை. வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம்.

கடை வைத்திருக்கும் கெர்டா, அடுக்கிய வாஃபிள்களும் பழுப்புப் பாலாடைக்கட்டியுமாக வந்து சேர்ந்தாள். கதவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கைப்பிடியோடயா மாட்டியிருக்க? உனக்குப் புத்தி எங்க போச்சு?"

"அதைப் பார்க்கத்தானே ஆளுங்க வருவாங்க."

"எங்க கோழிக்கூண்டுக்கும் கப்பல் கதவுதான். எங்கப்பா முதல் வேலையா கைப்பிடி எல்லாத்தையும் அறுத்துப் போட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு, கோழிக்கு எதுக்குடி கைப்பிடின்னுட்டாரு."

டோர்கில் சிரித்தார். "கவலைப்படாத. கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருக்கேன். இடுக்கி இல்லாம நானே திருப்ப முடியாது."

நானும் பார்த்தேன். ஒவ்வொரு கைப்பிடியும் மேல்நோக்கித் தூக்கிய நிலையில், தடித்த கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கதவைச் சும்மா சாத்தினால் போதும், உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும். நானே இரண்டு முறை உள்ளே போய்த் தள்ளிப் பார்த்தேன். நான் கவனிக்காமல் விட்ட ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

எங்கள் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். நானும் அக்காவும் இந்த விரிகுடாவின் மறுகரையில் பிறந்தவர்கள், எங்களுக்கும் இது உண்டு. கப்பலின் இரும்பிலிருந்து தட்டும் சத்தம் கேட்டால், பதிலுக்குத் தட்ட வேண்டும். குளிரில் இரும்பு சுருங்கும்போது கேட்கும் 'டக்'குக்கும் தட்டுவோம். கவிழ்ந்த கப்பலுக்குள் சிக்கியவர்கள் அன்று முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தது இரு கரைக்கும் கேட்டதாம். காவல் இருந்ததால் யாரும் போக முடியவில்லை. சிலரை மட்டும் ஜெர்மானியர்களே கப்பலின் அடிப்பக்கத்தை அறுத்து மேலே எடுத்தார்கள். மற்றவர்களின் சத்தம் மெல்ல மெல்ல நின்றது. "தட்டுகிறவனுக்குப் பதில் சொல்லாமல் இருக்காதே" என்பதுதான் அந்தப் போரிலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் எங்களுக்குக் கற்பித்த பாடம்.

மதியம் போய்ப் பிற்பகல் வந்தது. இருட்டு மாறவில்லை. அடுப்பு செக்கச்செவேல் என்று கனன்றது. நானும் அக்கா ஆஸ்த்ரியும் டோர்கிலும் உள்ளே உட்கார்ந்தோம். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெப்பம் முகத்தில் அறைந்தது. வழக்கப்படி, தாங்க முடியாமல் போனதும் கடலில் குதிக்க வேண்டும்.

"நீங்க ரெண்டு பேரும் போய் விறைச்சுச் சாவுங்க. எனக்கு இடுப்பு இப்பத்தான் இளகுது. நான் இங்கயே வேகுறேன்" என்றாள் அக்கா.

நாங்கள் கதவைச் சாத்திவிட்டு ஓடிப் போய்க் குதித்தோம்.

தண்ணீர் கத்தியாய் அறுத்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினேன். அருகே டோர்கில் கெட்ட வார்த்தைகளாகக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏணியில் ஒரு படி ஏறித் தலையைத் துறைக்கு மேலே நீட்டினேன்.

கதவின் முன்னால் ஒருவன் நின்றிருந்தான்.

முதுகுதான் தெரிந்தது. கனமான கறுப்புக் கோட்டு, நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கதவிடுக்கில் கசிந்த ஆவி அவனைச் சுற்றிப் போகவில்லை. அவன் இருந்த இடத்தில் அது இல்லாமல் போனது.

அவன் விரல் முட்டியால் கதவைத் தட்டினான்.

காதை வைத்துக் கேட்டான்.

உள்ளிருந்து அக்கா பதிலுக்குத் தட்டினாள்.

அவன் ஒரு கைப்பிடியைக் கீழே அழுத்தித் திருகினான். அவசரமே இல்லை, வேலை தெரிந்தவனின் நிதானம். பிறகு மறுபடி தட்டினான். மறுபடி காதை வைத்தான். அக்கா மறுபடி பதில் தட்டினாள். அடுத்த கைப்பிடிக்குப் போனான்.

உள்ளே ஆள் இருக்கிறதா என்று அவன் கேட்கிறான் என்பதும், இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இறுக்குகிறான் என்பதும் எனக்கு அந்த நொடியில் புரிந்தது.

"யாருடா அது?" என்று டோர்கில் என் பின்னாலிருந்து கத்தினார்.

நாங்கள் மேலே ஏறியபோது அங்கே யாரும் இல்லை. ஈரக் காலடியும் இல்லை. கட்டியிருந்த கம்பிகள், ஒரு முறுக்குகூட மிச்சமில்லாமல், நேராக நீட்டப்பட்டுப் பலகையில் வரிசையாகக் கிடந்தன. கைப்பிடிகள் அத்தனையும் கீழே இறங்கியிருந்தன.

உள்ளே அக்கா கதவைத் தள்ளினாள். "ஏய், விளையாடாதீங்க! அடுப்பு கொதிக்குது. திற!"

நான்தான் முதலில் பிடித்தேன். உள்ளே கல் வெடிக்கும் சூடு. கைப்பிடியோ பனிக்கட்டியாய் இருந்தது. தூக்கினேன். தூக்குவதாகத்தான் நினைத்தேன். ஆனால் என் முழு எடையும் அதைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. கையை வெடுக்கென்று பிடுங்கினேன். வலது கை விரல்களின் தோல் இரும்போடு போனது.

"நகரு" என்று என்னைத் தள்ளிவிட்டு டோர்கில் இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"அத்தான், மேல தூக்குங்க!"

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் முழங்கைகள் கீழ்நோக்கி அமுங்கின. கைப்பிடி இன்னும் கொஞ்சம் இறுகியது.

"அத்தான்!"

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமோ பயமோ இல்லை.

"உள்ள யாரும் இல்ல" என்றார்.

உள்ளே அக்கா அலறினாள். தன் பெயரைச் சொல்லி, அவர் பெயரைச் சொல்லி அலறினாள். இரண்டு முஷ்டிகளாலும் கதவைக் குத்தினாள்.

"அக்கா உள்ள இருக்கா! கேக்கலையா?"

"தண்ணி வருது. சாத்தணும். உள்ள யாரும் இல்ல."

அக்காவின் ஒவ்வொரு குத்துக்கும் அவர் கை ஒரு சுற்று இறுகியது.

நான் கதவோரம் வாயை வைத்துக் கத்தினேன். "அக்கா, தட்டாதே! சத்தம் போடாதே! கீழ படுத்துக்கோ, தரையில படுத்துக்கோ!"

எப்படியோ அவளுக்குக் கேட்டது. சத்தம் நின்றது.

டோர்கிலும் நின்றார். தலையைச் சாய்த்துக் கதவில் காதை வைத்தார். விரல் முட்டியால் மெல்லத் தட்டினார்.

காத்திருந்தார்.

மறுபடி தட்டினார்.

அந்த மென்மையான தட்டலைப் போல வெறுப்பூட்டும் ஒன்றை நான் கேட்டதில்லை.

கதவை நம்பி இருந்தால் அக்கா வெந்துவிடுவாள். அன்று கப்பலில் பிழைத்தவர்கள் எவரும் கதவு வழியாக வரவில்லை, அடிப்பக்கத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. விறகுக் குவியலில் கோடாரி இருந்தது. பக்கச் சுவருக்கு ஓடினேன். நனைந்த நீச்சலுடை உடம்பில் உறைய, தோலுரிந்த கையால் வெட்டினேன். முதல் வெட்டு சறுக்கியது. இரண்டாவது பலகையில் நின்றது.

சத்தம் கேட்டுக் கெர்டா ஓடி வந்தாள்.

"என்னடி பண்ற? அவன் ஏன் அங்க நிக்கிறான்?"

"அவரைத் தொடாதே! கைப்பிடியைத் தொடவே தொடாதே! இந்தப் பலகையைப் பிடிச்சு இழு!"

அவள் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கோழிக்கூண்டுக் கதவோடு வளர்ந்தவள். நான் வெட்ட வெட்ட அவள் வெறுங்கையால் பலகைகளைப் பெயர்த்தாள். ஆவி பீய்ச்சியடித்தது. அதற்குள்ளிருந்து சிவந்துபோன ஒரு கை நீண்டது. இருவரும் பற்றி இழுத்தோம். அக்கா பனியில் வந்து விழுந்தாள். தோளெல்லாம் கொப்புளம், உதடு வெடித்திருந்தது. ஆனால் மூச்சு இருந்தது.

சுவர் திறந்து கிடந்தது. பக்கத்திலேயே டோர்கில் காலி அறையின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். காதை வைத்தார். நீண்ட நேரம் கேட்டார்.

"உள்ள யாரும் இல்ல" என்றார், வேலை முடிந்த திருப்தியோடு.

பிறகுதான் கையை விட்டார். உள்ளங்கைத் தோல் கைப்பிடியிலேயே தங்கியது. அதைப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்துவிட்டு, குழந்தையைப் போல அழ ஆரம்பித்தார்.

"நான் திறக்கத்தான் பார்த்தேன், ஆஸ்த்ரி. சத்தியமா திறக்கத்தான் பார்த்தேன்."

அக்கா பனியில் ஊர்ந்து அவரிடமிருந்து விலகினாள். ட்ரோம்சோ நகர மருத்துவமனையில் இருவருக்கும் ஒரே தளம்தான். அவள் ஒருமுறைகூட அவர் அறைக்குப் போகவில்லை. நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "நம்புறேன்டி. ஆனா அவர் கையைத் தொட மட்டும் சொல்லாத" என்றாள்.

கெர்டா அன்றே கதவைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டாள். கைப்பிடிகளை அவள் அண்ணன் ஆழ்கடலில் கொண்டு போய்ப் போட்டார். இனி யாரும் பதில் தட்டக் கூடாது என்று கடை வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள். செத்தவர்களை அவமதிக்கிறாய் என்றார்கள்.

உள்ளே தட்டியவர்களைப் பற்றி நாங்கள் இத்தனை வருடம் பேசியிருக்கிறோம். அவர்களுக்குப் பூ வைத்திருக்கிறோம். வெளியே நின்று சாத்தியவனைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. யாரோ உத்தரவு போட்டிருப்பார்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்திருக்கும். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும், இல்லை என்று சொல்லித்தான் அவன் அந்தக் கைப்பிடிகளை இறுக்கியிருப்பான். இது என் ஊகம்தான், தவறாகவும் இருக்கலாம். கப்பல் போய்விட்டது, ஆனால் அவன் இன்னும் அதே வேலையில் இருக்கிறான்.

ஜனவரியில் என் கைக்கட்டைப் பிரித்தார்கள். விரல் நுனிகளில் புதுத் தோல், இளஞ்சிவப்பாக, உணர்ச்சியே இல்லாமல்.

நேற்று மாலை வகுப்பு முடிந்து அறைக்கு வந்தேன். பக்கத்து அறை யெல்மரும் நானும் ஒரே குளியலறையைப் பயன்படுத்துகிறோம். தெற்கிலிருந்து வந்த பையன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். நான் காலணியைக் கழற்றும்போதே குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இங்குன், நீயா? இந்தக் கதவு சிக்கிக்கிச்சு. வெளியிலேர்ந்து கொஞ்சம் இழேன்."

மரக் கதவு. பித்தளைக் கைப்பிடி. போய்ப் பிடித்து இழுத்தேன்.

"என்ன பண்ற? இழுன்னு சொன்னேன்!"

"இழுத்துட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

கைப்பிடி சில்லிட்டிருந்தது. உணர்ச்சியில்லாத விரல்களில் அந்தக் குளிர் மட்டும் நன்றாகத் தெரிந்தது. என் தோள் கதவின் மேல் சாய்ந்திருப்பதைக் கண்டேன். பின்வாங்கத்தான் நினைத்தேன். அதற்குள் என் இடது கை தானாக உயர்ந்து, விரல் முட்டியால் மெல்லக் கதவைத் தட்டியது.

காதை வைத்துக் கேட்டேன்.

உள்ளே யெல்மர் சிரித்தான். பதிலுக்குத் தட்டினான்.