பிசகில்லாத வாக்குமூலம்

“எங்க வீட்டுக்காரரு குடிக்கவே மாட்டாருங்க. குடிச்சிருந்தேன், தப்பு என்னோடதுதான்னு சாகறப்போ சொன்னதா ஆலையில எழுதி வச்சிருக்காங்க. கடைசியில பாப்பாவைப் படிக்க வைன்னு இருக்கே, அது மட்டும் அவரு பேச்சுதாங்க,” என்றாள் சரோஜா.

எண்பத்திரண்டாம் வருஷம். அவள் கணவன் தருமன் கடலை எண்ணெய் ஆலை இயந்திரத்தில் சிக்கி, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து இறந்துபோனான். அடி அண்ணாமலை கிராமத்தில் இப்போது அவள் குடிகாரன் பெண்டாட்டி. செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்!

தருமன் பேசப் பேச ஆலை குமாஸ்தா முருகையன் சுருக்கெழுத்தில் எடுத்ததாகச் சொன்ன நோட்டை, நஷ்டஈட்டு விசாரணை அதிகாரி சர்தாரிடம் படிக்க அனுப்பியிருந்தார். சர்தார் போலீசில் மேடைப் பேச்சுகளைக் குறிப்பெடுத்து ஓய்வு பெற்றவர். தேரடி அருகே சுருக்கெழுத்துப் பள்ளி நடத்துகிறார். சரோஜா முறையிட வந்திருப்பது அங்கேதான். அங்கே டைப்பிங் டீச்சரான அஸ்மத்துக்குத் துப்புத் துலக்குவது என்றால் சோறு வேண்டாம். நோட்டை முதலில் பிடுங்கிப் பார்த்தவள் அவள்தான். பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது.

“சரியாத்தான் இருக்கு சார். ஒரு புள்ளிகூட விடலை.”

“அதான் எனக்கு உறுத்துது. முருகையனை வரச் சொல்லு.”

முருகையனும் சர்தாரிடம் படித்தவன்தான். சாயங்காலம் வந்தவன், சரோஜாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சர்தார் நோட்டை விரித்தார். “பாரும்மா, காதுல விழற சத்தத்தைத்தான் நாங்க கோடாப் போடுவோம். ‘க’வுக்கு ஒரு கோடு. பக்கத்துல வைக்கிற புள்ளிதான் அது ‘கா’வா, ‘கீ’யான்னு காட்டும். ஆள் பேசறப்போ புள்ளிக்கு நேரம் ஏது? கோடு மட்டும்தான் ஓடும். அப்புறமா, சந்தேகமான சொல்லுக்கு மட்டும் வைப்போம். இதுல மூணு பக்கமும் எல்லாச் சொல்லுக்கும் புள்ளி இருக்கு. இது கேட்டு எழுதினதில்ல. டைப் அடிச்ச காகிதத்தைப் பார்த்து நிதானமா எழுதினது. என்னடா முருகையா?”

“முதலாளி தானே வாக்குமூலத்தைச் சொல்லி டைப் அடிக்க வச்சிட்டு, நோட்டும் வேணும்னாரு சார். முடியாதுன்னா வேலை போயிடும். புள்ளி விட்டா நீங்க மார்க் கம்மி பண்ணுவீங்களே, அந்தப் பழக்கத்துல கை தானா வச்சிடுச்சு. தருமன் கண்ணே தொறக்கலை சார்.”

அஸ்மத்துக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. நாளை விசாரணையில் ஆலைக்காரர்கள் முகத்தில் ஈயாடாது. பூரிப்போடு சரோஜாவைத் திரும்பிப் பார்த்தாள்.

சரோஜாவின் முகத்தில் துளி சந்தோஷமில்லை.

“பாப்பாவைப் படிக்க வைன்னு சொன்னாரே,” என்றாள். “அதுவுமாங்க?”

முருகையன் தலையைத் தூக்கவில்லை.

“உண்மை மாதிரி இருக்கட்டும்னு நான்தாங்க சேர்த்தேன்.”