ஏற்றாத விளக்கு

சூரியதேவனின் கல்முகத்துக்குப் பின்னால் இருந்த பொந்தில் கையை விட்ட ருஃபியோ வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கல் சுட்டது. அவன் இன்னும் விளக்கையே ஏற்றவில்லை.

மேலே துறைமுக நகரமான ஒஸ்தியாவின் தெருவெல்லாம் மத்தியான வெயில் கொளுத்தும்போது இந்த நிலவறைக் கோயிலில் ஒரு கல் சுட்டால் என்ன அதிசயம் என்று அலட்சியமாக விட்டுவிட்டான். இந்தக் கோயிலின் வண்டவாளம் முழுக்க அவனுக்குத் தெரியும். கல்முகத்தைச் சுற்றிக் கதிர் கதிராக ஓட்டை வெட்டியிருந்தது. பூசாரி மணியடித்ததும் பின்னாலிருந்து விளக்கை வைத்தால் இருட்டில் சூரியன் உதிப்பான். அதற்கு இத்தனை மடையர்கள் குப்புற விழுந்தார்கள். எடையில் ஏமாற்றும் கோதுமை வியாபாரிக்கு இங்கே வந்தால் சிங்கம் என்று பட்டமாம். பெண்டாட்டிக்கு நடுங்குகிற சுங்கக்காரனுக்குச் சூரியத் தூதன் பட்டமாம். தூ!

இன்று அந்த மந்தையில் சேரப்போகிறவன் அவனுடைய தம்பி விதாலிஸ். அம்மா போன பிறகு ரொட்டி ஊட்டி வளர்த்த தம்பி. உலகத்தில் ருஃபியோவுக்கு என்று இருந்த ஒரே உயிர். தீட்சைச் சடங்குக்காகக் கண்ணைக் கட்டுவதற்கு முன்னால் அவன் கல்லுக்குப் பின்னால் ஓடிவந்தான்.

"அண்ணே, சாமி நேர்லயே தெரிவாராமே! நெஞ்சு படபடங்குது."

"சாமியாவது பூதமாவது! பின்னாடி நான்தான்டா விளக்கப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். பயப்படாம நல்லா உத்துப் பாரு."

விதாலிஸின் முகம் சுண்டிப்போனது. திரும்பிப் போய்விட்டான்.

சாம்பிராணிப் புகையும், விருந்துக்குச் சுடும் கோழியின் வாசமும், தாடிக்குள் முணுமுணுக்கும் மந்திரமும் அந்தத் தாழ்ந்த கூரையின் கீழ் ஒன்றாகக் கலந்து கனத்துக் கிடந்தன. மணி அடித்தது. ருஃபியோ தணல் துண்டை ஊதித் திரியில் வைத்தான். பற்றவில்லை. மறுபடி ஊதினான்.

முன்னால் கூட்டம் ஒரே மூச்சாக "ஆ" என்றது.

பிறகு சத்தமே இல்லை.

கோழி வாசம் மாறியிருந்தது. மயிர் பொசுங்கும் நாற்றம். ருஃபியோ ஓரத்து ஓட்டையில் கண்ணை வைத்தான். அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். எல்லோரும் கல்லையே பார்த்தபடி வாய் பிளந்து நின்றார்கள். யாரும் இமைக்கவில்லை. அவர்கள் கண்கள் அவித்த முட்டையாக வெளுத்திருந்தன.

நடுவில் விதாலிஸ். கண்ணில் கட்டு.

"அண்ணே? ஏன் எல்லாரும் கம்முனு இருக்காங்க? நானே அவுத்துரட்டுமா?"

"வேணாம்டா!" வெறும் காற்றுதான் வந்தது.

"விளக்குதானேண்ணே..." தம்பியின் கை முடிச்சுக்குப் போனது.

ருஃபியோ கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடினான். கல்லைச் சுற்றி. உடம்புகளில் மோதி. ஒரு தோள் தட்டுப்பட்டது. தம்பியின் தோள். பிடித்துத் திருப்பினான். இப்போது தம்பியின் முதுகுதான் கல்லின் பக்கம்.

"விதாலிஸ்?"

கண்ணைத் திறந்தான்.

அவிழ்ந்த கட்டு கழுத்தில் கிடக்க, தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். பின்னால் இருந்த கல்லின் வெளிச்சம் அவற்றின் வழியாக வந்தது.