வாங்கினேன்

மேட்டுத்துறையிலிருந்து மின்தொடர் வண்டி கிளம்பியதும் வழக்கமான அறிவிப்பு ஒலித்தது. "இந்த ஓட்டம் கழிமுகம் துணைமின் நிலையத்தின் கொடை. ரெஜினா அவர்களுக்கு நன்றி." பயணிகள் வழக்கப்படி நெஞ்சில் கைவைத்தார்கள். மேட்டுத்துறைத் துணைமின் நிலையத்தில் உட்கார்ந்திருந்த இளம்பரிதிக்கு வயிறு பற்றி எரிந்தது.

ரயிலுக்கு வெளி மின்சாரம் நின்றுபோன காலம் அது. ஒரு வண்டி நிற்கும்போது பிறக்கும் மீள்மின்னை வைத்துத்தான் இன்னொரு வண்டி கிளம்பும். கழிமுகம் கடலோரப் பள்ளம். அங்கே போகும் வண்டிகள் எல்லாம் சரிவில் இறங்கி நிற்கும். மேட்டுத்துறை வண்டிகளோ ஏற்றத்தில் கிளம்பும். ஆகவே ரெஜினா எப்போதும் கொடுப்பவள், பரிதி எப்போதும் வாங்குபவன். அதுவும் சும்மா வாங்க முடியாது. ஒலிவாங்கியில் "வாங்கினேன்" என்று அவன் வாயால் சொன்னால்தான் மின்சாரம் இந்தப் பக்கம் வரும்.

சரிவு செய்கிற வேலை, பெயர் அவளுக்கு! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. போதாததற்கு வீட்டில் மனைவி குழலியும் சீண்டுவாள்.

"இன்னிக்கும் ரெஜினா தயவுலதான் வீடு வந்து சேர்ந்தேன்."

"ஏன், நான் வாங்காமலா வண்டி ஓடுது?"

"வாங்குறவருக்கு யாருங்க கும்பிடு போடுவாங்க?"

அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. மறுநாள் நண்பகலில் கழிமுகத்தை நோக்கி ஒரு வண்டி இறங்கியது. ஒலிவாங்கியில் விளக்கு எரிந்தது. பரிதி வாயைத் திறக்கவில்லை. அவன் வாங்காவிட்டால் வேறு நிலையம் வாங்கிக்கொள்ளும். அதற்குள் வண்டி நடைமேடையைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். ரெஜினாவின் பெயருக்கு ஒரு கீறல் விழும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அன்று விடுமுறை அட்டவணை என்பதை மறந்துவிட்டான். அந்த நேரத்தில் வேறெங்கும் வண்டி கிளம்பவில்லை, வாங்க ஆளில்லை. பிரேக் கட்டையின் இரும்புத் தூசி நகரத்தின் நுரையீரலைத் தின்றதால் அந்தக் கட்டைகளை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார்கள். பிறக்கிற மின்சாரத்தை யாராவது இழுத்துக்கொண்டால்தான் வண்டி நிற்கும்; வாங்க ஆளில்லாவிட்டால் நிற்காது.

திரையில் வண்டி நடைமேடையைத் தாண்டியது. பதறிப்போய் "வாங்கினேன், வாங்கினேன்" என்று கத்தினான். நேரம் கடந்திருந்ததால் இணைப்பு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. அப்போது கழிமுகம் நிலையத்தில் பட்டப்பகலில் எல்லா விளக்குகளும் எரிந்தன. மின்விசிறிகள், நீரேற்றிகள், நகரும் படிகள், கிடங்கிலிருந்த பழைய சூடேற்றிகள் என்று கைக்கு எட்டியதையெல்லாம் முடுக்கி, அந்த மின்சாரத்தை ரெஜினா அங்கேயே செலவழித்தாள். தண்டவாளத்தின் கடைசித் தடுப்புக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

கொஞ்ச நேரத்தில் அவளே அழைத்தாள். "பரிதி சார், உங்க வீட்டம்மா அந்த வண்டியிலதான் இருந்தாங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகல. தண்ணி குடுத்து உட்கார வெச்சிருக்கேன்."

"மேடம்... நான் வேணும்னுதான்..."

"தெரியும் சார். ஒலிவாங்கிக் கோளாறுன்னு எழுதிட்டேன்." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க வாங்கினேன்னு சொல்ற வரைக்கும் எனக்கு மூச்சே வராது, தினமும். உங்க பேரையும் அறிவிப்புல சேருங்கன்னு மேலே கேட்டேன். நிறுத்தினதுக்கெல்லாம் யாராவது நன்றி சொல்வாங்களான்னுட்டாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதிலும் அவளே கொடுப்பவள் ஆகிவிட்டாளே என்று மனம் பொருமியது. அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியதற்காக அவனுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

குழலி பேசியை வாங்கினாள். "ஏங்க, இந்த அம்மா இல்லன்னா நான் இல்ல. நீங்களும் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்க."

பூட்டு விலகி, ஒலிவாங்கியில் மறுபடியும் விளக்கு எரிந்தது. அடுத்த வண்டி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கினேன்" என்றான். எப்போதும் முணுமுணுக்கிற சொல்லை அன்று அடிவயிற்றிலிருந்து சொன்னான். மறுமுனையில் ரெஜினா மூச்சு விடுவது அவனுக்குக் கேட்டது.