கப்பலேறாத மெயில்

"எங்க அண்ணன்தான் மேடம் என் மெயிலை நிறுத்தறான். கையும் களவுமா புடிச்சுக் குடுங்க!"

குமணன்சாவடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஆக்னஸ், "முதல்ல உட்காரும்மா" என்றார். உதவியாளன் பரத்துக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு யாரைப் பார்த்தாலும் திருடன்தான்.

வந்த பெண் விஜி நடந்ததைச் சொன்னாள். அவள் காதலன் ஜெகதீஷ் சரக்குக் கப்பலில் இருக்கிறான். நடுக்கடலில் போன் கிடையாது. கப்பலில் அவன் பதிந்து கொடுத்திருக்கும் அவளுடைய ஆபீஸ் மெயில் முகவரிதான் ஒரே வழி. அவன் எழுதுவது வருகிறது. அவள் பதில்தான் போய்ச் சேரவில்லை.

"நாளைக்குள்ள பதில் வரலேன்னா, நான் அவரை வேணாம்னுட்டேன்னு அர்த்தமாம். அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுவாராம். எப்போ பார்ப்பேன்னு ஏங்கிக்கினு கீறேன் மேடம். அவர் குரலே மறந்துடும் போலகீது" என்று அழுதாள்.

அம்பத்தூரில் அவள் அண்ணன் டில்லிபாபுவின் லேத் பட்டறை. அங்கேதான் விஜிக்கும் வேலை. மூவரும் அங்கே போனார்கள்.

"கடல்ல கெடக்கறவனுக்குப் பொண்ணு இல்லேன்னேன், நெசம்தான்" என்றான் டில்லிபாபு. "அதுக்காக மெயிலை நிறுத்துவேனா? பூசைலேர்ந்து என் கொட்டேஷனுக்கே ஒரு கஸ்டமரும் பதில் போடல!"

"நடிப்பு!" என்று பரத் கிசுகிசுத்தான். ஆக்னஸ் கம்ப்யூட்டரில் காய்ந்திருந்த சந்தனம் குங்குமத்தையே பார்த்தார்.

"ஆயுதபூஜைக்கு வச்சதா?"

"ஆமா மேடம். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மெயில் கம்பெனியையே புதுசா மாத்திட்டேன்."

"விஜி, அவர் கடைசியா எந்த மெயிலுக்குப் பதில் போட்டார்?"

"பூசைக்கு முன்னாடி அனுப்பினதுக்கு."

ஆக்னஸ் சிரித்தார். "திருடன் யாருமில்லை. உங்க பேர்ல மெயில் அனுப்ப எந்தக் கம்பெனிக்கு உரிமைன்னு இன்டர்நெட்ல பதியணும். போலி மெயில் வராம இருக்க, வாங்கற இடத்துல அதைச் சரிபார்ப்பாங்க. நல்ல நேரம் பார்த்தீங்க, பதிவை மாத்தலை. அதுல இன்னும் பழைய கம்பெனிதான் இருக்கு. விஜி அனுப்பினதைப் போலின்னு கப்பல் தள்ளிடுச்சு."

"நான் எழுதினா நானே போலியா?" என்றாள் விஜி. அண்ணன் முகத்தைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது.

பரத் பதிவைத் திருத்தினான். விஜி எழுதினாள்: "உங்களுக்காகத்தான் காத்துகினு கீறேன். கையெழுத்துப் போடாதீங்க."

சாயங்காலம் பதில் வந்தது.

"நெசமா நீதானா? இல்ல, வேற யாராச்சும் வெளையாடறாங்களா?"

விஜி கீபோர்டில் கை வைத்தாள். ஓர் எழுத்தும் அடிக்க முடியவில்லை. டில்லிபாபு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் தட்டினான்.

"அவதான். அண்ணங்காரன் நான் சொல்றேன். ஊட்டுக்கு வா மாப்ள."