பழைய கால்

கியரை டிரைவுக்கான 'டி'யில் போட்ட பிறகு வண்டி நகர்வதற்கு முன் ஓர் இடைவெளி இருந்தது. விருப்பமில்லாத ஒருவர் பெருமூச்சு விட்டு முடிக்கும் நேரம். எஞ்சின் உறுமும், தரைக்கடியில் ஏதோ ஒன்று யோசிக்கும், அப்புறம் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்ததுபோல் வண்டி துள்ளிக் கிளம்பும். மலையேறப் பிறந்து, வயதான காலத்தில் காய்கறிக் கடைக்குப் போய்வரும் ஃபோர் வீல் டிரைவ். கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும் என்று முதல் மாதம் அவன் பெரிய மனது பண்ணினான்.

"அவர் கையில வெண்ணெய் மாதிரி போகும்," என்றாள் மனைவி, பக்கத்து சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி.

பெரிய மனது அன்றோடு முடிந்தது.

அவன் அவளுக்கு இரண்டாவது கணவன். அவள் இருவர் பெயரையும் சொல்வதில்லை. தங்கையோடு போனில் பேசும்போது முன்னவர் 'அவர்', இவன் 'இவர்'. "இவருக்கு உப்பு கம்மியா போடணும்." "அவர் இருந்திருந்தா சிரிச்சிருப்பார்." இலக்கணப்படி பக்கத்தில் இருப்பவன்தான் 'இவர்'. அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த இந்த இரண்டாமவன் அந்த வீட்டில் குடியிருந்தான்.

உயிரோடு இருப்பவன்மேல் பொறாமை என்றால் அவனுக்கு என்றைக்காவது முடி கொட்டும் என்று காத்திருக்கலாம். முன்னவருக்கு இனி தொப்பையும் விழாது, குறட்டையும் வராது. சிக்னலில் நின்றிருந்தபோது நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தவர். கியர் டி-யில், கால் பிரேக்கில். பின்னால் ஹாரன் அடித்துச் சலித்தவர்கள் இறங்கி வந்து கதவைத் திறக்கும்வரை வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

"செத்தும் ஒருத்தரையும் இடிக்கல அவர்," என்பாள், பெருமையாக.

இன்னொன்றையும் தங்கைதான் ஒருநாள் போட்டுக்கொடுத்தாள். "மாமா எதுக்கு ஆட்டோமேட்டிக் வாங்கினார் தெரியுமா? கியர் போட வேலை இல்லாத கை சும்மா இருக்கும்ல. வழி பூரா அக்கா கை அது மேலதான்."

இவன் மறுநாளே வேலையில்லாத கையைக் கியர்க் குச்சிமேல் வைத்துக்கொண்டு ஓட்டினான். அவள் கை அவளுடைய கைப்பையின் மேலேயே இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் வண்டியைக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டான். மெக்கானிக்குக்கு 'டாக்டர்' என்று பெயர். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைக் கியர் பாக்ஸிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பார், ஃபீஸும் அதற்கேற்ப.

டாக்டர் ஏறி உட்கார்ந்து கியரைத் தள்ளினார். பின்னால் நின்றிருந்த இவன் முகத்தில் பளிச்சென்று வெள்ளை வெளிச்சம். துள்ளி விலகினான்.

"பயப்படாதீங்கண்ணே. பார்க்கிங்லேருந்து டிரைவுக்குப் போற வழியில ரிவர்ஸைத் தாண்டணும்ல? வெள்ளை லைட் ஒரு தடவை கண்ணடிக்கும். உடனே அணைஞ்சிடும்." இறங்கி வந்து கை துடைத்தார். "ஆயில் மாத்திட்டேன். நோய் அதுல இல்ல. உள்ள இருக்கற கம்ப்யூட்டர் ஓட்டறவர் காலைப் படிச்சு வச்சுக்கும். எப்ப மிதிப்பார், எவ்வளவு மிதிப்பார்னு. இது இன்னும் பழைய காலுக்குக் காத்துட்டு நிக்குது."

"அழிச்சிடுங்க," என்றான் அவன். சொன்ன வேகத்தில் அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"அழிச்சா சுத்தமா மறந்துடும். அப்புறம் முதல்ல யார் ஓட்டறாங்களோ அவங்க கால்தான். நீங்களே எடுங்க. நான்கூடத் தொட மாட்டேன்."

வயரைச் செருகி எதையோ அழித்தார். இருவரும் தகரக் கூரையின் அந்தப் பக்கம் ரசீது போடப் போனார்கள். மழை தகரத்தில் கல் கொட்டுவதுபோல் கொட்டியதில் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது வண்டி வாசலைப் பார்த்து நின்றது.

"நல்லாத்தான் திருப்பியிருக்கீங்க," என்றார் டாக்டர்.

"நீங்க திருப்பலையா?"

"விளையாடாதீங்கண்ணே."

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. வண்டியை எப்போதும் வாசலைப் பார்த்து நிறுத்துவது முன்னவர் பழக்கம். அதையும் ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஏறினான். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட் பின்னால் போயிருந்தது, உயரமான ஒருவருக்கு வசதியாக. முன்னால் இழுத்துக்கொண்டு 'டி'யில் போட்டான்.

வெண்ணெய்.

இடைவெளி இல்லை, உதை இல்லை. ஈரச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவன் சிரித்தான். ஜெயித்துவிட்டான். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகுதான், அவன் பிரேக்கை மிதிப்பதற்குச் சற்று முன்பே வண்டி நிற்பது புரிந்தது. மூடிய கண்ணாடிகளுக்குள் கிராம்பு வாசனை. முன்னவர் எப்போதும் கிராம்பு மெல்லுவாராம். வாசனை பழையதாக இல்லை. இப்போது மென்றுகொண்டிருக்கும் வாயிலிருந்து வருவதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக் கீழ்த்தளப் பார்க்கிங். மூலைத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே ரிவர்ஸ் எடுக்க அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இன்று ஸ்டீயரிங் அவன் கைகளையும் கூட்டிக்கொண்டு சுற்றியது. வண்டி ஒரே வீச்சில் உள்ளே போய் நின்றது. பார்க்கிங்கில் போட்டு அணைத்தான். இறங்கிக் கதவைச் சாத்தினான்.

குழல் விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. பின்சுவர் சிவப்பாக இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். அடுத்தவர் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுத்தே பிழைப்பவன். தன் கண்ணைச் சந்தேகப்படத் தெரியும். சுவர் அப்போதும் சிவப்பாகவே இருந்தது. சுற்றிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம்.

பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யாரோ மிதித்துக்கொண்டிருந்தார்கள். அசையாமல். பொறுமையாக.

லிஃப்ட் திறந்தது. மனைவி போனில் பேசிக்கொண்டே வந்தாள். கடைக்குப் போகலாம் என்று காலையில் சொல்லியிருந்தாள். முன்கதவைத் திறந்து ஏறினாள். டிரைவர் சீட்டைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது. இந்த வீட்டில் அவன் ஒருநாளும் பார்த்திராத முகம்.

"இறங்கு," என்றான்.

அவள் கைப்பையைக் காலடியில் வைத்தாள். கையை நீட்டினாள். கியர்க் குச்சிமேல் வைத்தாள். குச்சிமேல் அல்ல. குச்சிக்குச் சற்று மேலே, ஒரு கை அளவு உயரத்தில், எதன்மேலோ.

அவனுக்குப் பயத்துக்கு முன் பொறாமைதான் வந்தது. பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம். இரண்டே எட்டு. நகரவில்லை. அவள் திரும்ப வேண்டும். தன்னைப் பார்க்க வேண்டும். பின்கண்ணாடியைத் தட்டினான். உள்ளங்கையால் அறைந்தான்.

திரும்பினாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"ஒண்ணுமில்லடி. இவர் வந்துட்டார். கிளம்பறோம்."

தங்கை எதையோ கேட்டிருக்க வேண்டும்.

"அவரா?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "பாவம், நல்ல மனுஷன்தான் அவர்."

எஞ்சின் உறுமியது. சாவி அவன் பையில் தொடையை உறுத்தியது. வெள்ளை விளக்கு அவன் முகத்தில் பளிச்சென்று அடித்தது.

தாண்டும் வழியில் கண்ணடிக்கும். உடனே அணைந்துவிடும்.

அவன் காத்திருந்தான்.

சிவப்பு அணைந்தது. மெல்ல, அவசரமே இல்லாத ஒரு கால் எழுந்ததுபோல்.

வெள்ளை அணையவில்லை.