இருபத்தேழாம் பக்கத்து ‘ப’

“‘ப’ன்னா பிரியாதானே?” என்று கனகவல்லி அக்கா கேட்டபோது ஜெயப்ரியாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

அக்கா ஒரு புத்தகத்தை மேசைமேல் விரித்தார். இருபத்தேழாம் பக்கத்தின் அடியில், நீல மையில், குட்டியாக ஒரு ‘ப’. இன்னொன்றை விரித்தார். அதிலும் அதே பக்கம், அதே ‘ப’. அடுத்ததிலும் அப்படியே.

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், சிடி கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே இருந்தது அக்காவின் வாடகை நூலகம். ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தன் கையாலேயே பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தார். அதில் யாரோ கிறுக்கினால் சும்மா இருப்பாரா?

பெரியவர்கள் அலமாரியில் ஒரு புத்தகத்திலும் ‘ப’ இல்லையாம். சிறுவர் அலமாரியில் மட்டும்தானாம். அப்படியென்றால் சின்னப் பிள்ளை வேலைதானே என்றார் அக்கா. ஜெயப்ரியாவை எல்லாரும் பிரியா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் புத்தகங்களை எல்லாம் அவள் எடுத்துப் போனதும் உண்மை.

“நான் இல்லக்கா” என்றாள் பிரியா. அக்காவின் புருவம் இறங்கவில்லை. பயத்தில் அவள் வாயில் வந்துவிட்டது: “பிரேம்கூட ‘ப’தான்.”

அவளைப் போலவே அங்கே புத்தகம் எடுக்க வரும் பையன் பிரேம், அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

“நான் இன்னா பண்ணேன்?” என்றான் பாவமாக.

உண்மை தெரிகிறவரை இரண்டு பேருக்கும் புத்தகம் கிடையாது என்று சொல்லிவிட்டார் அக்கா. பிரியாவுக்கு அழுகை முட்டியது. ‘குரங்குத் தீவு’ முதல் பாகத்தின் கடைசி வரியில், கிட்டு என்ற குரங்கு கிணற்றுக்குள் அறுந்துகொண்டிருந்த கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாகம் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. எட்டிப் பார்த்தால் தெரிந்தது. எடுக்கத்தான் முடியாது.

வெளியே வந்ததும் பிரேம் முறைத்தான். “நீ எழுதிட்டு என்னை மாட்டி வுட்டியா?”

“நீதான் எழுதியிருப்பே.”

கொஞ்ச நேரம் இப்படியே போனது. பிறகு பிரியா ஒரு குச்சியை எடுத்து அவனிடம் நீட்டி, மண்ணில் ஒரு ‘ப’ எழுதச் சொன்னாள். பிரேமின் ‘ப’ உடைந்த தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது. பிரியாவின் ‘ப’ ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. புத்தகத்தில் இருந்ததோ கல்யாணப் பத்திரிகை எழுத்துப் போல அத்தனை அழகு.

“நம்ம ரெண்டு பேரும் இல்ல” என்றாள் பிரியா. அவன் பெயரை இழுத்துவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டாள். பிரேம் பெரிய மனது பண்ணித் தலையாட்டினான்.

மறுநாள் மாலை இருவரும் நூலக வாசற்படியில் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் “இப்போ என்ன படிக்கிறீங்க?” என்று கேட்டார்கள். தையல்காரர் குப்புராஜ் அண்ணன் துப்பறியும் கதை படிக்கிறாராம். கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடுமே என்று கடைசி அத்தியாயத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாராம். நர்ஸ் ஜெயஸ்ரீ அக்கா ரயிலில் பேய்க்கதை படித்து, இறங்க மறந்து தாம்பரத்தைத் தாண்டிப் போய்விட்டாராம். “எதுக்குக் கேக்குறீங்க?” என்று சந்தேகமாகப் பார்த்தவர்கள்கூட, கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை.

ஒருவர் மட்டும் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி யக்ஞநாராயணன் தாத்தா.

“நான் வேதாந்தம்தான் படிப்பேன். பையில இருக்கறது பேரனுக்கு” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

“எந்தப் பேரன்?” என்றான் பிரேம். “எதிர் வூட்டுலதான் நான் கீறேன். ஒரு பேரனையும் பாத்ததில்ல. இவரு மட்டும் வராந்தாவுல தனியா உக்காந்து சிரிச்சுகினு இருப்பாரு.”

வேதாந்தத்தில் அப்படி என்ன சிரிப்பு? பிரியா யோசித்தாள்.

அடுத்த நாள் தாத்தா தெருமுனையில் வந்தபோது, அவள் குரலை உயர்த்திப் பிரேமிடம் சொன்னாள்: “குரங்குத் தீவு ரெண்டாம் பாகத்துல கிட்டு கிணத்துல முழுகிச் செத்துடுதாம்.”

தாத்தா நின்றார். “யார் சொன்னா? கயிறு அறுந்தா என்ன, கீழே அந்த ஆமை முதுகுலதானே போய் விழறது” என்றவர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பிரியாவுக்கு ஆளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒரு பக்கம். கதை தெரிந்துபோய்விட்டதே என்ற வருத்தம் மறுபக்கம்.

தாத்தா இருவரையும் தையல் கடை ஓரமாகக் கூட்டிப்போனார். பேரன் அனந்தகிருஷ்ணன் அமெரிக்காவில் இருக்கிறானாம். அவனுக்குத் தமிழ் படிக்க வராதாம். கதைகள் எல்லாம் தாத்தாவுக்குத்தான்.

“இப்பல்லாம் மறதி ஜாஸ்தி. பாதி படிச்சப்புறம்தான், அடடா, இது படிச்சதாச்சேன்னு தெரியறது. முன்னே மாம்பலத்துல இருந்தப்போ, லெண்டிங் லைப்ரரியில எல்லாரும் படிச்ச புஸ்தகத்துல ஒரு குறி வெச்சுப்போம். ஒருத்தர் புள்ளி, ஒருத்தர் நட்சத்திரம். என்னோடது இருபத்தேழாம் பக்கத்துல ‘ப’.”

“உங்க பேர்ல ‘ப’வே இல்லையே தாத்தா?”

“‘ப’ன்னா படிச்சாச்சு.”

வாக்கிங் வருகிற நண்பர்களுக்குத் தெரிந்தால் குரங்குக் கதை படிக்கிறவன் என்று கேலி செய்வார்கள், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்றார். சொல்லும்போது அவர் கை பையை இறுக்கிக்கொண்டிருந்தது.

உள்ளே போனதும் கனகவல்லி அக்கா, “என்ன, தெரிஞ்சுதா?” என்றார்.

பிரியா நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். “தெரிஞ்சுதுக்கா. ஆனா பேர் சொல்ல மாட்டேன். இனிமே எழுத மாட்டாங்க.”

“பேர் சொல்லலன்னா புக்கு கிடையாது.”

“சரிக்கா” என்றாள். “பிரேமுக்கு மட்டும் குடுத்துடுங்க. அவன் பேரை நான்தான் அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன்.”

வாசலில் யாரோ இருமினார்கள். தாத்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“அந்த ‘ப’ என்னுது, கனகவல்லி. குழந்தைகளை விட்டுடு.”

தாத்தா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கோபமோ என்று பார்த்தால் சிரிப்பு. தானும் மதியத்தில் அந்தக் குரங்குக் கதையைத்தான் படித்துக்கொண்டிருப்பதாக ஒப்புக்கொண்டார். இரண்டாம் பாகம் பிரியாவின் கைக்கு வந்தது.

“குறி வெக்கலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் தாத்தா கவலையாக.

“எங்ககிட்ட சொல்லுங்க தாத்தா. நாங்க ஞாபகம் வெச்சுக்கறோம்” என்றாள் பிரியா.

அன்றிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் நூலக வாசலில் கூட்டம்தான். யார் என்ன படிக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். குப்புராஜ் அண்ணன்கூடத் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்துவிடுவார்.

மழை தூறிய ஒரு சனிக்கிழமை, தாத்தா ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். “பிரியா, இது படிச்சிருக்கேனா?”

“படிச்சாச்சு தாத்தா. போன மாசம்.”

“நன்னா இருந்துதா?”

“சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னு சொன்னீங்க.”

தாத்தாவின் முகம் மலர்ந்தது. “அப்போ எடுத்துண்டு போறேன்” என்று அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.